காலைக் குளிரில் மட்டும் எஃப்பிஜிஏ லோட் ஆகவில்லை, உதவி தேவை

கொட்டகலை_மின்பணி:
வணக்கம். தேயிலை ஃபேக்டரியில் கலர் சோர்ட்டர் மெஷின் ஒன்று படுத்துகிறது. கன்ட்ரோல் போர்டில் ஸ்பார்ட்டன்-3ஈ எஃப்பிஜிஏ (லாஜிக்கை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் சிப்), எக்ஸ்சி3எஸ்500ஈ. பக்கத்தில் அந்த லாஜிக்கைச் சேமித்து வைக்கும் எட்டுக் கால் எஸ்பிஐ ஃபிளாஷ் மெமரி. விடியக்காலை சுவிட்சைப் போட்டால் லோட் முடிந்ததைக் காட்டும் டன் எல்இடி எரிவதில்லை. திரும்ப லோட் பண்ணவைக்கும் புரோக் பட்டனை அழுத்தினால் உடனே லோட் ஆகிறது. மத்தியானம் கரண்ட் போய் வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஃபிளாஷ் பழுதா? தூள் குவிந்து கிடக்கிறது, டீமேக்கர் ஐயா நெருக்குகிறார்.

ஹாலிஎல_ரிப்பேர்:
மழைக்கால ஈரத்தில் டேட்டா கெட்டிருக்கும். அழித்துத் திரும்ப எழுதுங்கள்.

நானுஓயா_லாஜிக்:
தம்பி, தயவுசெய்து அழிக்க வேண்டாம். அந்த மெஷினின் லாஜிக் முழுவதும் அந்த ஃபிளாஷ் சிப்பில்தான் இருக்கிறது. எஃப்பிஜிஏவுக்குள் இருப்பது வெறும் எஸ்ரேம் என்ற தற்காலிக மெமரி, கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். முதலில் புரோகிராமரில் படித்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அழித்த பிறகு கம்பெனி கோப்பைத் தர மறுத்தால் மெஷின் இரும்புதான்.

பட்டனை அழுத்தினால் ஏறுகிறது என்றால் டேட்டா நல்லாத்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் பவர் சப்ளை மேல். இந்த எஃப்பிஜிஏ 1.2, 2.5 வோல்ட் மின் தடங்களையும் பேங்க் 2இன் (ஃபிளாஷோடு பேசும் கால்களின் குழு) 3.3 வோல்ட்டையும் பார்த்துத்தான் விழிக்கும். ஆனால் அந்த 3.3 தடம் 1 வோல்ட்டைத் தாண்டினாலே அதற்குப் போதும். உள் மெமரியைத் துடைத்துவிட்டு, இனிட்-பி என்ற நிலை காட்டும் காலை உயர்த்தி, ஃபிளாஷுக்கு "படி" என்ற கட்டளையை அனுப்பும். இந்த வகை ஃபிளாஷ் பெரும்பாலும் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காது கேட்காதது. கட்டளை ஒரே தடவைதான் போகும். அது காற்றில் போய்விட்டால் எஃப்பிஜிஏ கிளாக்கை அடித்துக்கொண்டே ஏஏ995566 என்ற சிங்க் வேர்டுக்காக (டேட்டா தொடங்குவதைக் காட்டும் அடையாளம்) காத்திருக்கும். வராது.

நாளைக் காலை, பட்டனைத் தொடாமல் இனிட்-பியை அளந்து பாருங்கள். உயர்ந்து நின்றால் சிங்க் வேர்டே கிடைக்கவில்லை. தாழ்ந்து கிடந்தால் சிஆர்சி பிழை, அதாவது வந்த டேட்டா சரிபார்ப்பில் தேறவில்லை, அப்போதுதான் டேட்டாவைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கோப் இருந்தால் ஒரு சானலில் 3.3 தடம், மற்றதில் ஃபிளாஷின் சிஎஸ் கால், கட்டளை போகும்போது அது தாழும்.

கொட்டகலை_மின்பணி:
அண்ணா, நீங்கள் சொன்னது சரி. இனிட்-பி உயர்ந்தே நிற்கிறது. ஸ்கோப்பில் 3.3 தடம் 1.8 கிட்ட வந்து கொஞ்சம் தயங்கி, அப்புறம் மெல்ல ஏறுகிறது. அந்தத் தயக்கத்துக்குள்ளேயே சிஎஸ் கீழே விழுந்துவிடுகிறது. பவர் சப்ளையில் இரண்டு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கின்றன. பிரதியும் எடுத்துவிட்டேன், இரண்டு தடவை படித்தும் ஒரே மாதிரி வந்தது.

நானுஓயா_லாஜிக்:
அதுதான். பழசான கெப்பாசிட்டருக்குக் குளிரில் உள் எதிர்ப்பு இன்னும் கூடும், மத்தியானச் சூட்டில் தேறிவிடும். 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (அந்த உள் எதிர்ப்பு) வகையாகப் பார்த்து மாற்றுங்கள். அதோடு நிறுத்த வேண்டாம். நம்ம பக்கம் ஜெனரேட்டர் மாறும்போது தடம் இப்படித்தான் தள்ளாடும். மேக்ஸ்803எஸ் மாதிரி ஒரு வோல்டேஜ் சூப்பர்வைசரை (வோல்ட்டைக் கண்காணிக்கும் சிப்) 3.3 தடத்தில் போட்டு, வெளியீட்டைப் புரோக் பட்டன் போகும் புரோக்-பி காலுக்குக் கொடுங்கள். 2.93 வோல்ட்டைத் தாண்டி, குறைந்தது 140 மில்லி செக்கன் கழித்துத்தான் அது புரோக்-பியைத் தாழ்விலிருந்து விடும். அதற்குள் ஃபிளாஷ் தயார். ஓப்பன் டிரெய்ன் (காலைத் தாழ இழுக்க மட்டும் செய்யும், உயரத் தள்ளாது) வகைதான் வேண்டும், ஏனென்றால் புரோக்-பி 2.5 வோல்ட் தடத்தைச் சேர்ந்த கால், 3.3ஐ நேரே ஏற்றக் கூடாது. காலை உயர்த்த புல்-அப் ரெசிஸ்டர் 2.5க்கு, 4.7 கிலோ ஓம் போதும்.

ஹாலிஎல_ரிப்பேர்:
மேக்ஸ்809 கையில் இருக்கிறது, அது ஆகாதா?

நானுஓயா_லாஜிக்:
809 புஷ்-புல், உயரும்போது 3.3ஐத் தள்ளும். அதுதான் கையில் இருந்தால் இடையில் ஒரு சிறு என்பிஎன் டிரான்சிஸ்டர் போட்டாலும் போதாது, சிக்னல் தலைகீழாகிவிடும். 803ஐயே வாங்குங்கள்.