லினக்ஸ் லேப்ல எஃப்எஸ்டேப் மாத்துனதுல சர்வர் பூட் ஆகல, என்ன பண்றது?

கேள்வி:
அண்ணா, காலேஜ்ல லினக்ஸ் அட்மின் பேப்பர், முழுக்க லேப் தான், ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் குடுத்திருக்காங்க. ரெண்டாவது டிஸ்க்க சேத்து எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்க எங்க மாட்டணும்னு சொல்ற ஃபைல்) எழுதிட்டு ரீபூட் பண்ணேன், ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்னுட்டு எமர்ஜென்சி மோட் வந்து ரூட் பாஸ்வேர்டு கேக்குது. திங்கக்கிழமை பிராக்டிக்கல், திரும்ப முதல்ல இருந்து இன்ஸ்டால் பண்ணணுமா?

பதில் 1:
தம்பி பயப்படாதீங்க, இன்ஸ்டால்லாம் வேணாம். யுயுஐடிய, அதாவது டிஸ்க்கோட அடையாள நம்பர, தப்பா டைப் பண்ணிருப்பீங்க, லினக்ஸ ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டி அந்த டிஸ்க் வரும்னு 90 செகண்ட் காத்திருக்கும், வரலேன்னா இப்படித்தான் நிக்கும். பாஸ்வேர்டு குடுத்து உள்ள போங்க, ஃபைல் ரீட் ஒன்லி, எழுத முடியாதுனு சொன்னா ரூட் ஃபைல்சிஸ்டத்த எழுதற மாதிரி ரீமவுண்ட் பண்ணுங்க, பிஎல்கேஐடி கமாண்ட் அடிச்சு சரியான நம்பர பாத்து திருத்துங்க.

பதில் 2:
மேல சொன்னது சரி. ஆனா இனிமே எஃப்எஸ்டேப்ல கை வச்சா ரீபூட்டுக்கு முன்னாடி மவுண்ட் மைனஸ் ஏ (mount -a, அதுல எழுதின டிஸ்க்க எல்லாம் மாட்டிப் பாக்கற கமாண்ட்) அடிச்சு பாத்துடுங்க, தப்பு இருந்தா அப்பவே கத்தும். டேட்டா டிஸ்க்குக்கு நோஃபெயில் ஆப்ஷனும் போடுங்க, அந்த டிஸ்க் இல்லேன்னாலும் சர்வர் எழும்பிடும். நான் வேலைக்கு சேந்த புதுசுல இத செய்யாம ராத்திரி ரெண்டு மணிக்கு கிளம்பி டேட்டா சென்டர் ஓடிருக்கேன். லேப்ல உடைச்சு கத்துக்கறது ரொம்ப நல்லது, உடைக்கறதுக்கு முன்னாடி மெஷினோட ஸ்னாப்ஷாட் (திரும்ப பழைய நிலைக்கு போக ஒரு சேவ்) மட்டும் எடுத்து வச்சுக்கோங்க.

கேட்டவர்:
யுயுஐடில கடைசி ஒரு எழுத்து விட்டுப்போச்சு அண்ணா! பூட் ஆயிடுச்சு, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்ப வேணும்னே இன்னொரு தடவ உடைச்சு பாக்கப்போறேன்.