புதுப்பிப்பு: அந்த ஆறு மணி விஷயம்

ஐப்பசியில் இங்கே எழுதியிருந்தேன்: குடியை விட்டு மூன்று கிழமை, வாடைக் காற்றில் படகு இறக்க வழியில்லை, மனைவியின் சங்கிலி அடகில், பின்னேரம் ஆறு மணியானால் கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்புகிறது, விசுவாசம் மட்டும் போதுமா என்று.

இப்போது மாசி. சங்கிலி இன்னும் அடகில்தான். நத்தாருக்கு முந்தின கிழமை ஒரு தடவை விழுந்தேன், மறைக்கவில்லை. கூட்டாளி ஒருவன் போத்தலோடு வந்தான், அவ்வளவுதான்.

அடுத்த நாள் போதகரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். பிளேன்டீ தந்துவிட்டு பைபிளில் மத்தேயு 4ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். 40 நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம் பிசாசு முதலில் எடுத்ததே கல்லை அப்பமாக்கு என்ற கதையைத்தான். எங்கே பலவீனமோ அங்கேதான் கை வைக்கிறான். மூன்று சோதனைக்கும் இயேசு சொன்ன பதில்கள் பழைய ஏற்பாட்டில், உபாகமத்தில் ஏற்கெனவே இருந்த வசனங்கள். அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் 1 கொரிந்தியர் 10:13ஐ ஒரு சிகரெட் மட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். (ஓம், அதை இன்னும் விடவில்லை.) சோதனையோடு தப்பிக்கிற வழியும் உண்டு என்கிறது அந்த வசனம். என் வழி ஐந்தரைக்கே மகளோடு கோட்டைப் பக்கம் நடப்பது. அவளுக்கு அங்கே மான் பார்க்க வேண்டும்.

ஜெபித்தால் ஆசையே போய்விடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் போகவில்லை, அண்ணை. காற்று தணிந்தால் அடுத்த கிழமை படகு இறக்குவோம்.