பால் பைதான் (ball python, வீட்டுல வளர்க்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இரை எடுக்கல, ராத்திரியெல்லாம் கண்ணாடியை முட்டுது: பார்த்தவங்க சொல்லுங்க

ஓசூர்_குளிர்
ஆண், 1,400 கிராம், மார்கழி மாசம். ஆறு வாரமா எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கண்ணுலயே நிக்கிறது அந்த மூக்குதான். ராத்திரி 2 மணிக்குக் கண்ணாடி மூலையில தேய்ச்சுத் தேய்ச்சு நுனிச் செதில் வெளுத்துக் கிடந்தது.

தெர்மோஸ்டாட்ல 32 டிகிரி காட்டுச்சு. ஆனா பாம்பு படுக்கிற மேல்மட்டத்துல 25தான். புரோப் (சூடு அளக்கிற முனை) ஹீட் மேட்டோட, அதாவது சூடேத்துற விரிப்போட, ஒட்டி இருக்கு, அதுக்கு மேல 3 அங்குலம் தென்னை நார்க்கழிவு. மேட் 32 ஆனதும் தெர்மோஸ்டாட் அணைச்சிடும், சூடு மேல வரவே வராது. புரோபைத் தூக்கி மேல வைக்கிறது இன்னும் மோசம்: மேட் கொதிக்கும், பாம்பு அடியில புகுந்து வயிறு வெந்துடும். நார்க்கழிவை 1 செ.மீ.க்குக் குறைச்சதும் நாலு நாள்ல முட்டுறது நின்னுது. ஒன்பதாம் நாள் எலி உள்ளே போச்சு.

அதியமான்கோட்டை
சூட்டை ஏத்துன்னு பொதுவாச் சொல்லாதீங்க ஓசூர்க்காரரே. இங்க சித்திரையில மேட் இல்லாத குளிர்ப் பக்கமே 35. அது 25–27ல இருக்கணும். பாம்பு மூணு நாளா தண்ணிக் கிண்ணத்தை விட்டு வரல. பகல்ல மேட்டை அணைச்சு, பெட்டியைத் தரைக்கு இறக்கி, வலை மூடியில பாதிக்கு ஈரச் சாக்கு போட்டதும் வெளியே வந்துச்சு.

கிண்ணத்துலயே கிடந்தா உண்ணியும் இருக்கலாம். வெள்ளை டிஷ்யூவால உடம்பைத் துடைங்க. கசகசா மாதிரி கறுப்புப் புள்ளி நகர்ந்தா அதேதான். கரப்பான் ஸ்பிரே அடிச்சு வைக்காதீங்க, பாம்பே செத்துடலாம்.

புழுமனை
ரெண்டு பேரும் சூட்டையே பிடிச்சுக்கிட்டீங்க. வளர்ந்த ஆண், மார்கழி: இணைசேரும் பருவம். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சாப்பிடாம அலையறது சகஜம். ஒன்பதாம் நாள் சாப்பிட்டது சூட்டாலதான்னு எப்படிச் சொல்றீங்க? எடை எங்க? பட்டுப்புழுவுக்கு ஈரமானி பார்க்கிற ஊர்ல பாம்புக்குத் தராசு வைக்க மாட்டேங்கறோம்.

வாரம் ஒருதடவை சமையல் தராசுல நிறுத்துங்க. 1,400 வந்து 1,260க்குக் கீழ போனா, அதாவது பத்துல ஒரு பங்கு குறைஞ்சா, மருத்துவர்கிட்ட போகணும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்குல குமிழி வந்தாலோ எடைக்காகக் காத்திருக்க வேண்டாம். கண் நீலம் பூத்திருந்தா தோல் உரிக்கப் போகுது. ஈரப்பதத்தை 60லேர்ந்து 75க்கு ஏத்திட்டு இரையைப் பத்தி மறந்துடுங்க.

தினமும் எலியைக் காட்டிக் காட்டியே பாம்பை மிரட்டுறவங்க அதிகம். 10–14 நாளைக்கு ஒருதடவை போதும். உறைஞ்ச எலியை முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. மறுநாள் பையில போட்டு வெந்நீர்ல முக்கி 38–40 டிகிரிக்குக் கொண்டுவாங்க. மைக்ரோவேவ் கூடாது, வயிறு வெடிக்கும். எலியோட பருமன் பாம்போட நடு உடம்பைத் தாண்டக் கூடாது.

உயிர் எலியை ராத்திரி முழுக்க விட்டுவெச்ச பெட்டி ஒண்ணு: விடிஞ்சப்ப பாம்பு முதுகுல ரெண்டு இடத்துல எலும்பு தெரிஞ்சுது. எலி கொழுகொழுன்னு உட்கார்ந்திருந்துச்சு.

காவேரிப்பட்டணம்
சாரைக்கும் மண்ணுளிக்கும் இதே அளவான்னு தனியாக் கேக்குறவங்களுக்கு: அதுங்களை வீட்டுல வெச்சிருக்கறதே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். பால் பைதான் ஆப்பிரிக்காக்காரர். அவருக்கும் பரிவேஷ் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட இணையதளம்) பதிவு வேணும்.

ஓசூர்_குளிர்
புழுமனை அண்ணே, எடை 1,400லேர்ந்து 1,345. மூக்குச் செதில் அடுத்த உரிப்புலதான் சரியாச்சு.