சுங்கை சிப்புட் பாட்டி வீடு (குழு)

தினேஷ்: ஞாயித்துக்கெழம வெள்ளனா 6 மணிக்குக் காடி கெளம்பும். பீடோர்ல பசியாறிட்டு நேரா தெலுக் இந்தான். சாஞ்ச கோபுரம் பாத்துட்டு, ஊத்தான் மெலிந்தாங்ல மீன் சாப்பாடு. சரியா?

செல்வி அத்தை: 110 படிடா. அம்மா முட்டிக்கு யாரு பதில் சொல்றது?

தினேஷ்: மூணு மாடிதான் அத்தை, வெளிய பாத்தாதான் எட்டு மாதிரி தெரியும் 😅

மணி மாமா: 1885ல கட்டுனது. மேல தண்ணி டாங்கி வச்சானுங்க, அடியில மண்ணு மெத்து. சாயாம என்ன செய்யும்?

கவிதா: பாட்டி வாய்ஸ் அனுப்பச் சொல்றாங்க, அவங்க போன்ல சார்ஜ் இல்ல. நானே எழுதுறேன். "கோபுரத்த சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்தாச்சு. தெலுக் ஆன்சன் ஆத்த மட்டும் காட்டிட்டு, என்னைய பாகான் டத்தோ கூட்டிட்டுப் போங்க."

யோகேஸ்: தெலுக் ஆன்சனா? அது எங்க இருக்கு?

மணி மாமா: அதே ஊருதான்டா. 1982லதான் இந்தான்னு பேர மாத்துனாங்க.

தினேஷ்: பாகான் டத்தோ இன்னும் ஒரு மணி நேரம் லா. ஆறுதானே? ஊத்தான் மெலிந்தாங்லயே படகோட நிக்குது, அங்கயே பாக்கட்டும்.

மணி மாமா: அது பெர்னாம் ஆறு. அக்கரை சிலாங்கூர். தெலுக் இந்தான் பக்கம் ஓடுறது பேராக் ஆறு, அது கடல்ல விழுறது பாகான் டத்தோ கிட்ட.

செல்வி அத்தை: அம்மாவுக்கு அங்க என்ன? தென்ன மரம்தான் இருக்கு.

கவிதா: கேட்டேன். பெரிய பாட்டிய அங்க தேங்கா தோட்டத்துலதான் கட்டிக் குடுத்தாங்களாம். அக்கா போன வருத்தத்துல நம்ம பாட்டி தெலுக் ஆன்சன் படகுத்துறையில ஒரு சிலிப்பர ஆத்துல போட்டுட்டாங்களாம், அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்னு. 7 வயசு அப்போ.

யோகேஸ்: 😂😂

செல்வி அத்தை: எனக்கே இது தெரியாது! 60 வருசமா சொல்லல பாரு.

கவிதா: இன்னொரு சிலிப்பருக்கு வாங்குன அடி மட்டும் நல்லா ஞாபகம் இருக்காம்.

மணி மாமா: பேராக்கோட மொத சுல்தான் கப்பல் தட்டுனப்ப கிரீடத்தக் கடல்ல போட்டாருன்னு கதை சொல்ற பெத்திங் பெராஸ் பாசா மணல் திட்டும் அந்த ஆத்து வாயிலதான்.

செல்வி அத்தை: அண்ணே, கிரீடத்தோட சிலிப்பர சேத்துப் பேசாதீங்க.

தினேஷ்: சரி சரி. பீடோர்ல பசியாறுறது மட்டும் இருக்கட்டும். கோபுரத்தக் கீழேர்ந்து பாத்துக்கலாம், மதியம் பாகான் டத்தோ. மீன் அங்கயும் கெடைக்கும்.

மணி மாமா: திரும்பும்போது எளனி, கொஞ்சம் தேங்கா. ஒரு பெட்டி காலியா வை.

கவிதா: பாட்டி கேக்குறாங்க, தண்ணி ஏத்தமா எறக்கமா அன்னைக்கு?

தினேஷ்: பாக்குறேன் லா. எதுக்கு?

கவிதா: எறக்கத்துலதான் போட்டாங்களாம்.