டெஸரக்ட் போட்டாச்சு, ஆனா "டெஸரக்டே இல்ல"ங்குது (உபுண்டு 24.04, பைத்தான்)

களக்காட்டான்:

அண்ணாச்சிமாரே, மூணு நாளா இதோட மல்லுக்கட்டிட்டு கெடக்கேன்.

விஷயம் இதுதான். எங்க ஊர் சுடலைமாடசாமி கோயில் கொடை நோட்டீஸை எங்க தாத்தா 1961-லேருந்து ஒண்ணு விடாம எடுத்து வச்சிருக்காரு. தார்சாவுல கெடந்த டிரங்குப் பெட்டியத் தொறந்தா மேல அந்துருண்டை, கீழ பூரா நோட்டீஸ். மஞ்சத் தாளு, ரோஸ் தாளு. மடிப்புல கை வச்சாப் பிஞ்சு வருது. வில்லுப்பாட்டு யாரு, கணியான் கூத்து எந்த ஊரு செட்டு, கொடை முடிஞ்சு அடிச்ச வரவு செலவு, வரி கொடுத்தவங்க பேரு எல்லாம் அதுல இருக்கு. ஊர்க்கூட்டத்துல வருஷா வருஷம் வரிக் கணக்குலதான் சண்டையே. இதையெல்லாம் எழுத்தா மாத்தி, பேரு போட்டாத் தேடுத மாதிரி வச்சிரலாம்னு பாத்தேன்.

படத்துல இருக்க எழுத்தப் படிச்சுத் தருத புரோகிராம்தான் டெஸரக்ட். ஒரு வீடியோவப் பாத்து, பைத்தானுக்குச் சாமான் எறக்குத பிப்ல, பிப் இன்ஸ்டால் பைடெஸரக்ட்னு அடிச்சேன். "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு செவப்பா ஒரு பாரா வந்திச்சு. பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு பின்னால சேத்தாப் போயிரும்னு கமென்டுல ஒருத்தன் சொல்லிருந்தான். சேத்தேன், ஏறிட்டு. இப்ப புரோகிராம ஓட்டுனா "டெஸரக்ட் இன்ஸ்டால் ஆகல, இல்லாட்டி பாத்துல (புரோகிராமத் தேடுத எடத்துல) இல்ல"ங்குது. இப்பத்தானே போட்டேன்! நாலு தடவ எடுத்துட்டு எடுத்துட்டுப் போட்டாச்சு. வீட்டுக்குள்ள டவர் கெடையாது. ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பத் தூக்கிட்டுத் தட்டட்டிக்குப் போகணும். வெயில்ல ஸ்கிரீனும் தெரிய மாட்டேங்கு. யாராவது சொல்லுங்க.

முக்கூடல்காரன்:

எரர் முழுசாப் போடாம யாரு என்னத்தச் சொல்ல? ஆனாலும் இது தெரிஞ்ச கதைதான். வண்டிச் சாவி வாங்கிட்டு வண்டி எங்கேன்னு கேக்க. அண்ணாச்சி வந்து விளக்கமாச் சொல்லுவாரு.

பேட்டை அண்ணாச்சி:

தம்பி, முக்கூடலான் சொன்னது சரிதான். பைடெஸரக்ட்ங்கது வெறும் தூதன். பைத்தான்லேருந்து படத்த வாங்கி டெஸரக்ட்ங்கற புரோகிராம்கிட்டக் கொடுத்து, அது படிச்சுச் சொல்லுதத வாங்கித் தரும், அவ்வளவுதான். படிக்குத ஆளு சி பிளஸ் பிளஸ்ல எழுதுனது. ஹியூலெட் பேக்கர்ட்ல 1980-கள்ல செஞ்சு, 2005-ல தொறந்து விட்டாங்க. அந்த ஆளப் பிப் கொண்டு வராது, உபுண்டுக்குச் சாமான் எறக்குத ஆப்ட்தான் கொண்டு வரும். அதுலயும் தமிழ் தனியா வரணும். ஆக மூணு சாமான்: தூதன், படிக்குத ஆளு, தமிழ் டேட்டா. உன்கிட்ட இருக்கது மொதல் சாமான் மட்டும்.

மொபைல்ல தமிழ் கீபோர்டுதான் இருக்கு, இங்கிலீஷ் எழுத்துல நீயே அடிச்சுக்கோ. மொதல்ல சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு டெஸரக்ட்-ஓசிஆர், அதே பேருக்குப் பின்னால இன்னொரு கோடு போட்டு டி ஏ எம், பைத்தான்3-வென்வ் (ஒரு வேலைக்குன்னு தனிப் பைத்தான் அறை கட்டித் தருதது), மூணையும் ஒரே வரில கொடு. ஒரு தடவ தட்டட்டி ஏறுனாப் போதும்.

அப்புறம் அந்தப் பிரேக் சிஸ்டம் வேலை. பேர்லயே "ஒடச்சிரு"ன்னு இருக்கு, பாக்கலையா நீ? உபுண்டுக்கே பல வேலைக்குப் பைத்தான் வேணும். நீ அதுக்குள்ள கண்டதையும் திணிச்சா ரெண்டும் முட்டிக்கிடும்னுதான் வாசல்ல ஆளு நிறுத்திருக்காங்க. சூடோ போடாம அடிச்சிருந்தா உன் ஹோம்குள்ளதான் இருக்கும், பெரிய சேதமில்ல. பின்னால சேத்தியே, அதே பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ வச்சே அன்இன்ஸ்டால் பண்ணிரு. பிறகு நோட்டீஸ் ஃபோல்டருக்குள்ள போயி பைத்தான்3 மைனஸ் எம் வென்வ் புள்ளிவென்வ்னு அடி. சோர்ஸ் போட்டு அதுக்குள்ள 'பின்'ங்கற ஃபோல்டர்ல இருக்க ஆக்டிவேட்ட எழுப்பு. வரிக்கு முன்னால அடைப்புக்குள்ள வென்வ் பேரு தெரிஞ்சாத்தான் பிப் இன்ஸ்டால் பைடெஸரக்ட் பில்லோ (பில்லோ படத்தத் தொறக்குத சாமான்). தெரியலன்னா நிப்பாட்டு.

எல்லாம் முடிச்சுட்டு, எந்தெந்த மொழி இருக்குன்னு பாக்க டெஸரக்ட் லிஸ்ட் லாங்ஸ்னு கேளு. என்ன சொல்லுதுன்னு அப்படியே இங்க ஒட்டு.

களக்காட்டான்:

அண்ணாச்சி, சாமான் மூணும் வந்துட்டு. எரர் மாறிட்டு, அதுவே ஒரு சந்தோசம். இப்ப "டேட்டா ஃபைலத் தொறக்க முடியல"ங்குது. அது தேடுத எடம் யூஎஸ்ஆர், ஷேர், டெஸரக்ட்-ஓசிஆர், 4.00, டெஸ்டேட்டா. போய்ப் பாத்தேன், 4.00-ன்னு ஒரு ஃபோல்டரே கெடையாது. 5-ன்னுதான் இருக்கு, டி ஏ எம் ஃபைலும் அதுக்குள்ள அழகா இருக்கு. லிஸ்ட் லாங்ஸ் கேட்டா அதுவும் 4.00-ஐத்தான் சொல்லுது.

பேட்டை அண்ணாச்சி:

பாஷ்ஆர்சில (டெர்மினல் தொறக்கையில படிக்குத ஃபைலு) டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ்னு, டேட்டா இருக்க எடத்தச் சொல்லுத வரி ஏதும் எழுதி வச்சிருக்கியா? அதுவும் அந்த வீடியோக்காரன் சொன்னதாத்தான் இருக்கும். அவன் உபுண்டு 22.04-ல எடுத்திருப்பான். அதுல டெஸரக்ட் 4.1.1, ஃபோல்டர் பேரு 4.00. உன் 24.04-ல வருதது 5.3.4, ஃபோல்டர் பேரு வெறும் 5. அந்த வரிய அழிச்சிரு. ஆப்ட் வழியாப் போட்டா எடம் அதுக்கே தெரியும், நாம வழி சொல்ல வேண்டாம்.

களக்காட்டான்:

அழிச்சேன். அழிச்ச பிறகும் அரை மணி நேரம் அதே எரர். பாஷ்ஆர்சிய மாத்துனா ஏற்கெனவே தொறந்து கெடக்க டெர்மினலுக்கு அது தெரியாதாம்லா. நான் புரோகிராம் எழுதுத விஎஸ் கோடும் அந்தப் பழைய டெர்மினல்லேருந்து எழுப்புனது, அதுவும் பழசயே புடிச்சுட்டு நின்னிருக்கு. எல்லாத்தையும் மூடித் தொறந்ததும் சாதுவா ஓடிட்டு. லிஸ்ட் லாங்ஸ்ல இப்ப 5-ங்கற பாதை, டி ஏ எம்மும் இருக்கு.

ஆனா படிக்கத லட்சணத்தப் பாருங்க. 1961 நோட்டீஸ்ல மொத வரி "ஸ்ரீ சுடலைமாடசுவாமி கோவில் கொடை விழா". வந்தது "ஸ்ரீ சுடலமாடசுவாமி கோவில் கொடை விழா". "கொடை"க்கு இருக்க ஐகாரம் "சுடலை"க்கு எங்க போச்சு? "மாலை 6 மணி" வெறும் "மால"ன்னு நிக்கு. "பாளையங்கோட்டை"ல "டை" சரி, "ளை" காலி. ஃபோட்டோ நல்லாத்தான் இருக்கு. மொழிய டி ஏ எம் மட்டும்தான் கொடுத்திருக்கேன், இங்கிலீஷ் சேக்கல.

வீரவநல்லூர் அக்கா:

நான் புரூஃப் பாக்குத ஆளு, கம்ப்யூட்டர் பெறகு வந்தது. தம்பி, ஒரு லென்ஸ எடுத்து அந்த "லை"யப் பாருங்க. முன்னால கொம்பு இருக்காது, "ல"வுக்கு மேல யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி போகும். ணை, லை, ளை, னை நாலும் அந்தக் காலத்து அச்சுல அப்படித்தான். "டை"க்கு அப்பவும் இப்ப உள்ள கொம்புதான், அதான் "கொடை" தப்பிச்சுட்டு. பெரியார் 1935-லயே "குடி அரசு"ல புது வடிவத்துக்கு மாறிட்டாரு. அரசாணை வந்தது 1978-ல. ஊர் அச்சாபீஸ்ல இருந்த ஈய எழுத்து அதுவரைக்கும் பழசுதான். றா, ணா, னா மூணும் இதே மாதிரி ஒதைக்கும், இன்னும் கொஞ்ச நேரத்துல "ஐயனார்"னு வருத வரில பாப்பீங்க.

டெஸரக்ட்டுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தது இன்னைக்கு உள்ள எழுத்துருவ வச்சு. பழச அது பாத்திருக்க நியாயமில்ல. யூனிகோடுல பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே எண்ணுதான், வித்தியாசம் எழுத்துருவுல மட்டும்.

அவசரத்துக்கு ஒரு வழி: நோட்டீஸ்ல திரும்பத் திரும்ப வருத வார்த்தை அம்பது இருந்தா அதிகம். சுடலை, மாலை, காலை, வேளை, ஊர்ப் பேருன்னு ஒரு பட்டியல் போட்டு முழு வார்த்தையா மாத்துங்க. "ல"வ எல்லாம் "லை" ஆக்கிராதீங்க, "கோவில்"கூட "கோவிலை்"னு வந்து நிக்கும். நல்ல வழி: டெஸ்ட்ரெயின்ங்கற கருவிய வச்சு டெஸரக்ட்டுக்குப் பழைய எழுத்தப் பழக்குறது. ஒவ்வொரு வரியையும் தனிப் படமா வெட்டி, அதே பேர்ல ஜிடி டெக்ஸ்ட் ஃபைல்ல சரியான எழுத்த அடிக்கணும், சாதாரண லையே போதும். ஆப்ட் தந்தது வேகமான மாடல், அதுக்கு மேல பழக்க முடியாது. டெஸ்டேட்டா பெஸ்ட்ங்கற தொகுப்புலேருந்து டி ஏ எம் ஃபைலத் தனியா எறக்குங்க.

வரிப் பட்டியலுக்குப் பிஎஸ்எம் 6 (எழுத்த ஒரே கட்டா எடுத்துப் படிக்குத மொறை) போடுங்க. ரெண்டு பத்தியா இருந்தா வெட்டிட்டுப் போடுங்க, இல்லாட்டி இவங்க பேரு அவங்க ரூபாய்ல ஏறிரும்.

களக்காட்டான்:

அக்கா, லென்ஸ் வச்சுப் பாத்தேன், துதிக்கையேதான்! இத்தன நாளா அத அழுக்குன்னு நெனச்சிட்டு இருந்திருக்கேன்.

இப்போதைக்குப் பட்டியல் வழிதான். நாப்பத்தி மூணு வார்த்தைல மொத நோட்டீஸ் ஒழுங்காயிட்டு. தேதி எடுக்கத்தான் தனி வேலை. இங்கிலீஷ் வருஷமே போடாம "பிலவ வருஷம், கொல்லம் 1136, ஆடி"ன்னு அடிச்சிருக்காங்க. கொல்லம் ஆண்டோட 825-ஐக் கூட்டுனா 1961 வந்துட்டு. ஆவணிலேருந்து டிசம்பர் முடியன்னா 824-ஐக் கூட்டணும்னு எங்க ஆச்சி சொல்லுதா, அதையும் எழுதிட்டேன்.

வரவு செலவு நோட்டீஸ்ல கடைசியா "வரி பாக்கிதாரர்"னு தனிப் பட்டியல். மூணாவது பேரு எங்க தாத்தா, ரூ 2. ஒரு எழுத்து பெசகாமப் படிச்சிருக்கு சவம்.

முக்கூடல்காரன்:

அந்த வரிய மட்டும் எரர்னு சொல்லிப் பாருவே.