சொந்தமாகக் கட்டிய பெரிய ஸ்கேல் ஹெலி: இன்னும் மனதை அரிக்கும் அந்த ஒரு நொடி எது? (அனுபவப் பகிர்வு)

நாலுபிளேடு

ஃபிரேம் வெட்டியது, ஹெட் (பிளேடுகளைத் தாங்கும் ரோட்டர் தலை) கடைந்தது எல்லாம் இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்த பாடுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ரேடியோவில் ஓட்டும் மாடல், போ 105 ஹெலிகாப்டரின் ஐந்தில் ஒரு பங்கு அளவு. அசல் ரோட்டர் விட்டம் 9.84 மீட்டர், என்னுடையது 1.97. நாலு பிளேடு, பறக்கும் வேகம் 1100 ஆர்பிஎம். பிளேடு இல்லாமல் ஓட்டிப் பார்த்து டெயில், ஸ்வாஷ்பிளேட் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. பிளேடு மாட்டி ஓட்டுவது அன்றுதான் முதல். சிமென்ட் தரை, காற்று துளியும் இல்லை.

500 தாண்டும்வரை ஒரு பிசிறும் இல்லை. 600ஐ நெருங்கும்போது பாடி இடமும் வலமுமாக லேசாக ஆடியது. அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிது, அதற்கடுத்தது இன்னும் பெரிது. ஸ்கிட்டின் (ஹெலி தரையில் நிற்கும் கால்) இடது குழாய்க்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அடுத்த கணம் வலது பக்கம். பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாள் தானாக விட்டுக்கொண்டு கதவு படபடவென்று அடித்தது. எனக்கு இன்றைக்கும் காதில் இருப்பது மோட்டார் சத்தமல்ல, அந்தக் கதவின் சத்தம்தான்.

என் கட்டைவிரல் கலெக்டிவை (எல்லா பிளேடின் கோணத்தையும் சேர்த்துக் கூட்டித் தூக்கும் குச்சி) மேலே தள்ளப் போய்ப் பாதியில் நின்றது. அதற்குள் இன்னொரு விரல் ஹோல்டை (மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) தட்டிவிட்டது. ரோட்டர் நின்றபோது ஸ்கிட்டின் குறுக்குக் குழாய் ஒன்று வளைந்திருந்தது, டெயில் பூம் பாடியோடு சேரும் இடத்தில் ஃபைபர் கீறல் விட்டிருந்தது. பிளேடு நாலும் முழுசாகத் தப்பின. அப்புறம் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தால், பிளேடுகள் 90 டிகிரி இடைவெளியிலேயே இல்லை. இரண்டு நெருங்கி, இரண்டு விலகி நிற்கின்றன.

முழு அளவு ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு, தரையில் இப்படி ஆட ஆரம்பித்தால் (கிரவுண்ட் ரெசொனன்ஸ் என்பார்கள், பிளேடுகளும் பாடியும் ஒன்றையொன்று ஆட்டிவிடுவது) உடனே மேலே தூக்கு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் தூக்கியிருக்க வேண்டுமா? விரல் பாதியில் நின்றது நல்லதா கெட்டதா? இதைத்தான் கேட்க வந்தேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

வால்தண்டு

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை நண்பரே. என் நொடியைச் சொல்கிறேன்.

என்னுடையது லாமா ஹெலிகாப்டரின் மாடல், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு. லாமா என்றால் தெரியும், டெயில் முழுக்க வெறும் கம்பிச் சட்டம்தான், டிரைவ் ஷாஃப்ட் மேலே வெட்டவெளியில் ஓடும். அந்த அழகுக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். 6 மிமீ ஸ்டீல் கம்பி, மொத்தம் 1.2 மீட்டர், 40 செமீக்கு ஒரு பேரிங். மெயின் ரோட்டர் 1000, டெயில் ஷாஃப்ட் அதைப் போல நாலரை மடங்கு, அதாவது 4500.

மெதுவாக ஏற்றிக்கொண்டு போனேன். எல்லாம் சுத்தம். பறக்கும் வேகத்தைத் தொட்டதும் நடு பேரிங்குகளுக்கு இடையே கம்பி திடீரென்று பருத்தது. ஆறு மிமீ கம்பி என் கட்டைவிரல் பருமனுக்குத் தெரிந்தது, ஓரங்கள் வெள்ளிப்புகை மாதிரி மங்கலாக. அழகாகத்தான் இருந்தது, அதுதான் பயங்கரம். மூடிய டெயில் பூமுக்குள் இது நடந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கையில் பிடித்திருந்த ட்ரான்ஸ்மிட்டர் நடுங்குகிறதோ என்று நினைத்தேன், நடுங்கியது கைதான்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6 மிமீ ஸ்டீல் கம்பியை இரண்டு முனையிலும் பேரிங்கில் தாங்கினால், 60 செமீ இடைவெளிக்கு அது வில்லாக வளைந்து சுழலும் வேகம் ஏறக்குறைய 2000 ஆர்பிஎம். 40 செமீக்கு 4500, அச்சு அசலாக நான் ஓட்டிய இடம். 30 செமீ என்றால் 8000க்குப் பக்கம் போய்விடும். இடைவெளி பாதியானால் வேகம் நாலு மடங்கு. பேரிங்கை 30 செமீக்கு ஒன்றாக மாற்றினேன், இப்போது கம்பி கம்பியாகவே இருக்கிறது.

லேத்துக்காரர்

நாலுபிளேடு சார், தப்பாக நினைக்க வேண்டாம். இது ரெசொனன்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, பிளேடு பேலன்ஸ் கோளாறு. நாலு பிளேடையும் தராசில் வைத்து எடை மட்டும் சமன் செய்திருப்பீர்கள். எடைக்கு முன்னால் ஒவ்வொரு பிளேடின் ஈர்ப்பு மையமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம், அந்த மையத்தின் மேலேயே டேப் ஒட்டி எடையைச் சரிசெய்ய வேண்டும். பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

என் அனுபவம் சின்னது. நண்பர் ஒருவர் கட்டிய மெஷின், பறக்கத் தயார் என்று கூப்பிட்டார். ரோட்டரைக் கையால் சுற்றும்போது ஒரு பிளேடு கிரிப் (பிளேடின் அடியைப் பிடிக்கும் பகுதி) மட்டும் திருப்பினால் கரகரத்தது. கழற்றினோம். த்ரஸ்ட் பேரிங்கின் இரண்டு வாஷரும் இடம் மாறியிருந்தன. பந்துகளை வைத்திருக்கும் கேஜ் அரைபட்டு பித்தளைப் பொடி கிரீஸோடு குழைந்து பொன்னிறச் சேறாக வந்தது. அந்தச் சேற்றை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். த்ரஸ்ட் பேரிங்கில் ஓட்டை பெரிதான வாஷர் ஹப் (ஹெட்டின் நடுப்பகுதி) பக்கம், ஓட்டை சிறியது வெளியே போல்ட் தலைப் பக்கம். மாற்றிப் போட்டால் பேரிங் வேலையே செய்யாது, உராய்ந்துகொண்டுதான் ஓடும். அது எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேடு 300 கிராம், ஈர்ப்பு மையம் சுழல் அச்சிலிருந்து அரை மீட்டர், வேகம் 1100 ஆர்பிஎம். வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 200 கிலோ. ஒவ்வொரு பிளேடுக்கும் 200 கிலோ! வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், ஏனென்றால் அது வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது.

அடுத்தது ஹெட்டை மெயின் ஷாஃப்ட்டோடு பிணைக்கும் போல்ட். முழு அளவு ஹெலிகாப்டர்காரர்கள் அந்த இடத்து நட்டுக்கு ஏசுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மரை வெட்டாத வழவழப்பான பகுதிதான் ஷாஃப்ட்டும் ஹப்பும் சந்திக்கும் இடத்தில் வர வேண்டும். மரை அந்த இடத்தில் விழுந்தால், மரைப் பள்ளத்தில்தான் வெட்டுப்படும். சரியான நீளத்தில் வழவழப்புப் பகுதி கிடைக்கவில்லையா, நீளமான போல்ட்டை வாங்கி மரையை அறுத்துக் குறையுங்கள். 12.9 கிரேடுக்கு (போல்ட்டின் வலிமை எண்) கீழே போகாதீர்கள். உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணெய் துடைத்துவிட்டு திரெட்லாக் (மரையைப் பூட்டும் பசை). நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் வைத்தது) திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். இன்னும் சொல்லலாம், டெயில் கிரிப் பற்றி தனியாக எழுதுகிறேன்.

பழைய பிளைபார்

லேத்துக்காரர் சொன்ன போல்ட் விஷயம் அத்தனையும் சரி. ஆனால் நாலுபிளேடுக்கு நடந்தது பேலன்ஸ் கோளாறு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேலன்ஸ் கோளாறு என்றால் ஆட்டம் ரோட்டர் வேகத்தோடு சேர்ந்தே வரும், ஒரு வேகத்தில் ஒரே அளவில் நிற்கும். அவர் சொல்வது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. வீடியோவில் பிளேடுகள் இடைவெளி கலைந்து நிற்கின்றன. இதைவிடத் தெளிவான கிரவுண்ட் ரெசொனன்ஸ் கிடையாது. 1940களிலேயே நாக்காவில் (அமெரிக்க அரசின் விமான ஆய்வு அமைப்பு) கோல்மேனும் ஃபெயின்கோல்டும் கணக்கோடு எழுதி வைத்த விஷயம் இது.

நம் பிளேடுகள் கிரிப் போல்ட்டில் முன்னும் பின்னும் அசையும். இந்த அசைவை முழு அளவில் கொண்டுவந்தது ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் சீர்வா. 1923ல் அவருடைய ஆட்டோஜைரோ பறந்தபோது மேலும் கீழும் அசையும் கீல் மட்டும்தான் இருந்தது. வேர்ப்பகுதியில் விரிசல் விட்டு பிளேடு கழன்ற அனுபவத்துக்கு அப்புறம்தான் முன்பின் அசையும் கீலும் வந்தது. அந்தக் கீல் விரிசலைத் தீர்த்தது, இந்த ஆட்டத்தைக் கூடவே கூட்டி வந்தது. அதற்குத்தான் அசலில் டேம்பர் (அசைவை அடக்கும் கருவி) வைக்கிறார்கள். நம்மிடம் டேம்பர் என்பது போல்ட்டின் இறுக்கம் மட்டும்.

கணக்கு இப்படி. 600 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 10 சுற்று. போல்ட் இருக்கும் தூரம் ஆரத்தில் ஆறு சதவீதம் என்று வையுங்கள். பிளேடு தன் போல்ட்டில் முன்பின்னாக ஊசலாடும் வேகம் ரோட்டர் வேகத்தில் சுமார் முப்பது சதவீதம், ஆக நொடிக்கு 3. பத்தில் மூன்று போனால் ஏழு. கலைந்த பிளேடுகளின் கனம் பாடியை நொடிக்கு 7 தடவை தள்ளுகிறது. உங்கள் பாடி ஸ்கிட்டின் மேல் இயல்பாக ஆடும் வேகமும் ஏழாக இருந்தால் கதை முடிந்தது. ரோட்டரின் சக்தி முழுக்க ஆட்டத்துக்குள் இறங்கும்.

என் மெஷின் புல்தரையில் அம்சமாக ஓடியது. அதே மெஷினை, ஒரு திருகுகூடத் தொடாமல், சிமென்ட் மேடையில் வைத்து ஏற்றியபோது ஆட ஆரம்பித்தது. அன்றைக்குக் கண்முன் பார்த்ததை மறக்கவே முடியாது: ஹெட்டில் ஒன்றும் மாறவில்லை, மாறியது தரை மட்டும்தான். ஸ்கிட்டைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் குழாய் போட்டேன், அடங்கியது.

தூக்கியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். ரோட்டர் பறக்கும் வேகத்தில் இருந்தால்தான் தூக்குவது. 1100க்கு 600 என்றால் அதே பிட்ச்சில் (பிளேடு கோணம்) தூக்குவிசை முப்பது சதவீதம்தான் கிடைக்கும். மெஷின் எழும்பியிருக்காது. பாரம் பாதி குறைந்த ஸ்கிட்டோடு இன்னும் மோசமாக ஆடியிருக்கும். உங்கள் விரல் நின்றது நல்லதுதான்.

மெதுவா மேலே

எல்லோரும் தரையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு நடந்தது மேலே.

டர்பைன் மெஷின். ஓரளவு உயரத்தில் மெதுவாக முன்னால் வந்துகொண்டிருந்தது. டர்பைன் அணைந்துவிட்டது. எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழ் என்று அப்புறம் தெரிந்தது. அந்தச் சீழ்க்கை ஒலி இறங்கி நின்றதும் கேட்டது, பிளேடுகள் காற்றை வெட்டும் சத்தம் மட்டும். அதுவரை அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டதே இல்லை.

கலெக்டிவைக் கீழே விட்டேன், ஒன்-வே பேரிங் (டர்பைன் நின்றாலும் ரோட்டரைத் தனியாகச் சுற்றவிடுவது) விட்டுக்கொடுத்தது, ரோட்டர் சுற்றிக்கொண்டே இறங்கியது. பெரிய கனமான பிளேடில் தேங்கியிருக்கும் சக்தி சின்ன மெஷினில் கனவிலும் கிடைக்காது. மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிட்ச் கொடுத்து வைத்துவிட்டேன். சேதம் இல்லை.

இன்றும் விடை தெரியாத ஒன்று: எப்போது பிட்ச் கொடுத்தேன் என்பது. ஸ்கேல் பாடி அசல் மாதிரியே இருப்பதால் தூரமும் உயரமும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மை விமானியின் தலை தரைமட்டத்துக்கு வந்தது மாதிரி ஒரு உணர்வு, அப்போது கை தானாகப் போனது. திரும்பச் செய்யச் சொன்னால் செய்ய முடியுமா என்று சத்தியமாகத் தெரியாது.

பழைய பிளைபார் சார், பெல் கம்பெனிக்குப் போன ஆர்தர் யங்கைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மனிதர் பல வருஷம் தனியாக மாடல் ஹெலிகாப்டர்களை மட்டுமே கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். 1941ல் அந்த மாடலைக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டுக் காட்டித்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்தார். அதிலிருந்து வந்த பெல் 47க்கு 1946 மார்ச்சில் சிவிலியன் சான்றிதழ் கிடைத்தது. பட்டறையில் தனியாக உட்கார்ந்து அரத்தோடு போராடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

லேத்துக்காரர்

பழைய பிளைபார் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. ஆனாலும் பேலன்ஸைப் பார்க்காமல் அடுத்த தடவை ஏற்ற வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆட்டத்தைக் கிளப்பிவிட ஒரு சின்னத் தூண்டுதல் வேண்டும், அதைக் கொடுப்பது பேலன்ஸ் கோளாறுதான்.

நாலுபிளேடு

எல்லோருக்கும் நன்றி. புதுக் குறுக்குக் குழாய் போட்டு, ஹெலியை அதே சிமென்ட் தரையில் நிறுத்தி, பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, போனில் ஸ்லோமோஷன் எடுத்தேன். நொடிக்கு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வருகிறது. பாயை நாலாக மடித்துக் கீழே போட்டுத் தட்டினால் ஐந்துக்குக் கீழே இறங்குகிறது, ஆட்டமும் சீக்கிரம் அடங்குகிறது. ஐந்து என்றால் 430 ஆர்பிஎம் பக்கம் வரும். அங்கே தேங்காமல் கடந்துவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. கவர்னரின் (ரோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) ஸ்பூல் அப் நேரத்தை, அதாவது வேகம் ஏற எடுக்கும் நேரத்தைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய பிளைபார்

குறைக்கலாம், ஆனால் ரொம்பக் குறைத்தால் முதல் இழுப்பிலேயே பிளேடுகள் பின்னால் மடங்கி நிற்கும், மெயின் கியர் பல்லும் அடிவாங்கும். அதற்கு முன்னால் கிரிப் போல்ட்டைப் பாருங்கள். ஹெலியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடியுங்கள். பிளேடு தன் எடையில் தானாகத் தொங்கக் கூடாது, லேசாக ஒரு உலுக்கு உலுக்கினால் அசைய வேண்டும். நாலிலும் அந்த உலுக்கு ஒரே அளவாக இருக்கட்டும். அப்புறம் பாயைக் கட்டாமல் வெறுமனே விரிக்காதீர்கள், ரோட்டர் காற்றில் பறந்து பிளேடுக்குள் போய்விடும்.