மொசைக் மைதானத்தில் ரைடர்ஸ் ஆட்டம்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

பச்சைச்சட்டை (ரெஜைனா):

கனடிய ஃபுட்பால் (கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) பார்க்கிற நம் ஆட்கள் குறைவு என்று தெரியும். இருந்தாலும் சஸ்காட்சுவானில் இருப்பவர்கள், வேலைக்கோ படிப்புக்கோ வந்து ஒரு ஆட்டமாவது பார்த்துவிட்டுப் போனவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த மாகாணத்தில் மொத்தமே 12 லட்சத்துச் சொச்சம் பேர்தான். என்ஹெச்எல் எனும் வட அமெரிக்கப் பெரிய லீகில் ஆடும் ஹாக்கி அணி இங்கே கிடையாது. பெரிய அணி என்று இருப்பது ரஃப்ரைடர்ஸ் (சுருக்கமாக ரைடர்ஸ்) மட்டும்தான். 1910இல் ரெஜைனா ரக்பி கிளப் என்ற பெயரில் தொடங்கியது. இதற்கு முதலாளி என்று ஓர் ஆள் இல்லை, பொதுமக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி. 1980களின் கடைசியில் பணமில்லாமல் தத்தளித்தபோது தொலைக்காட்சியில் நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். ஆட்டத்தன்று ஊருக்குள் போய்ப் பாருங்கள். மளிகைக்கடை கல்லாவில் இருப்பவர் முதல் தள்ளுவண்டியில் வரும் குழந்தை வரை அணியின் நிறமான பச்சைதான்.

என் பெரிய ஆச்சரியம் மைதானத்தின் சத்தம். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கனடிய விதிப்படி 10 யார்டு முன்னேற 3 முயற்சிதான், அமெரிக்காவில் 4. முதல் இரண்டில் கிடைக்கவில்லை என்றால் மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால் இரண்டாவது முயற்சியில்தான் எல்லாம் இருக்கிறது. எதிரணி இரண்டாவது முயற்சிக்கு வந்து நிற்கும்போது 33,000 பேரும் எழுந்து கத்துவோம். பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே ஓடத் தொடங்கலாம் என்பது கனடிய ஆட்டத்தின் தனி அழகு. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் குரலை வைத்துத்தான் மற்றவர்கள் அந்த ஓட்டத்துக்குக் கணக்குப் பிடிப்பார்கள். அந்தக் குரலைக் காதில் விழாமல் செய்துவிட்டால் ஒருவர் முந்திவிடுவார், நடுவர் தவறைக் காட்டும் துணியை எறிவார், 5 யார்டு பின்னால் போக வேண்டியதுதான். களத்தில் ஒரு அணிக்கு 12 பேர். பதின்மூன்றாவது ஆள் ரசிகர்கள் என்று இங்கே சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை.

நம் அணி பந்தை எடுத்தால் கதையே வேறு. அப்போது வாயைத் திறக்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து இருக்கைப் பெரியவர். கோதுமை விவசாயி, சீசன் டிக்கெட்டை அப்பா காலத்திலிருந்து வைத்திருக்கும் குடும்பம். ஒரு வார்த்தை பேச மாட்டார். தடித்த கையுறை போட்ட உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அழுத்துவார். எங்கள் வரிசையே அடங்கிவிடும்.

2025 நவம்பர் 8, மேற்குப் பிரிவு இறுதி ஆட்டம், பி.சி. லயன்ஸ் எதிரணி. ஜெயித்தால் லீகின் சாம்பியன் பட்டமான கிரே கோப்பையின் இறுதிக்குப் போகலாம், தோற்றால் வீட்டுக்குப் போகலாம். கடைசிக் கட்டத்தில் 17–21 என்று பின்தங்கியிருந்தோம். நான்கு புள்ளி வித்தியாசம் என்பதால் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் போட்டுப் பயனில்லை, பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுக்கும் டச் டவுன்தான் வேண்டும். பந்து எங்கள் குவார்ட்டர்பேக் டிரெவர் ஹாரிஸ் கைக்கு வந்தது. பெரியவரின் கை இறங்கியது. தொண்டைக்குள் கத்தலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய பாடு தெரியுமா? பந்து வெளியே போகும்போது கத்துவோம், அடுத்த ஆட்டத்துக்கு அணிவகுத்ததும் சட்டென்று நிறுத்துவோம். கத்தல், அமைதி, கத்தல், அமைதி என்று கோல் கோடு வரைக்கும் இப்படியே. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கும்போது எங்கள் டாமி நீல்டு பந்தைப் பிடித்தார், டச் டவுன்! கூடுதல் உதையின் ஒரு புள்ளியோடு 24–21. அப்போது கையுறையோடு கைதட்டிச் சத்தம் போதவில்லை. எல்லோரும் காலால் தரையை உதைத்ததில் என் முழங்கால் வரைக்கும் அதிர்ந்தது. பெரியவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர்கூட அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வின்னிபெக்கில் மாண்ட்ரியாலை 25–17 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். 1966, 1989, 2007, 2013, 2025. நூறு வருடத்துக்கு மேலான வரலாற்றில் ஐந்தே ஐந்து. அதனால்தான் ஒவ்வொன்றும் ஊருக்கே மனப்பாடம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

---

சஸ்கட்டூன் மாமா:

தம்பி, நீங்கள் புது மைதானத்துக் கதை சொல்லிவிட்டீர்கள். நான் பழைய டெய்லர் ஃபீல்டுக் கதை சொல்கிறேன். இப்போதுள்ள மைதானம் 2017இல் திறந்தது. பழையதை இடித்துவிட்டார்கள்.

2013 நவம்பர் 24. கிரே கோப்பை இறுதி ஆட்டம் எங்கட சொந்த மைதானத்திலேயே நடந்தது. எதிரணி ஹமில்டன். சஸ்கட்டூனில் இருந்து ரெஜைனாவுக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். நெடுஞ்சாலை முழுக்கப் பச்சைக்கொடி கட்டின கார்கள். தற்காலிக இருக்கை எல்லாம் போட்டு 44,710 சனம். கோரி ஷீட்ஸ் ஓடின ஓட்டத்தை நேரில் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். 197 யார்டு ஓடினவர். கிரே கோப்பை இறுதியில் அது சாதனை. 45–23 என்று வென்றோம்.

அன்று ஹமில்டனின் தலைமைப் பயிற்சியாளர் கென்ட் ஆஸ்டின். 1989இல் எங்கட குவார்ட்டர்பேக்காகக் கோப்பை வாங்கித் தந்தவர், 2007இல் எங்கட பயிற்சியாளராக வாங்கித் தந்தவர். அந்த மனிசன் எதிர்ப்பக்கம் நிற்கிறதைப் பார்க்க ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் 2009இன் காயம் அன்றைக்குத்தான் ஆறியது. அந்த வருட இறுதி கல்கரியில். மாண்ட்ரியால் கடைசி உதையைத் தவறவிட்டு, நாங்கள் வென்றுவிட்டோம் என்று துள்ளினோம். பார்த்தால் எங்கட பக்கம் களத்தில் 13 பேர். திரும்ப உதைக்க விட்டார்கள், 28–27 என்று போய்விட்டது. இதைப் பற்றி இங்கே பழைய ஆட்களிடம் கதைக்காதீர்கள், முகம் வாடிவிடும்.

ரைடர்ஸ் ரசிகர்கள் தலையில் வத்தகைப்பழம் (தர்பூசணி) தொப்பியாகப் போடுகிறது பற்றி ஒருவரும் எழுதவில்லையே! செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறை வார இறுதியில் வின்னிபெக்கோடு நடக்கிற ஆட்டத்துக்கு எங்கட வீட்டில் பிள்ளைகள் செய்வார்கள். பழத்தைப் பாதியாக வெட்டி, உள்ளே இருக்கிற சிவப்பெல்லாம் கரண்டியால் வழித்து, வெள்ளைப்பகுதி விரல் தடிப்புக்கு இருக்கிற மாதிரி விட வேண்டும். முன்பக்கம் முகத்துக்கு வளைவாக வெட்டி, ஓரத்தைக் கத்தியால் வடிவாகச் சீவி விடவேண்டும். அதற்குக் கீழே ஒரு துணித்தொப்பி போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் செப்டம்பர் வெயிலில் சாறு கழுத்தால் வழிந்து குளவி வரும். வழித்த பழத்தைக் கார் நிறுத்துமிடத்தில் எல்லோருக்கும் கொடுப்போம். பக்கத்துக் காரில் வந்தவர்கள் பதிலுக்குச் சுட்ட சோசேஜ் தருவார்கள். அப்படிப் பழக்கமான ஒரு உக்ரைன் குடும்பம் இப்போது எங்கட பொங்கலுக்கு வருகிறது.

---

நீலக்கட்சி (வின்னிபெக்):

நான் வின்னிபெக் அணியான ப்ளூ பாம்பர்ஸ் ரசிகன். அடிக்க வராதீர்கள்.

லேபர் டே வார இறுதியில் நீலச் சட்டையோடு ரெஜைனாவுக்கு வந்திருக்கிறேன். மைதானத்துக்குள் நுழைந்ததிலிருந்து கேலிதான். ஒரு பாட்டி என் சட்டையைப் பார்த்து "துவைக்கும்போது பச்சையோடு போடு, சரியாகிவிடும்" என்றார். ஆனால் என் பையனுக்குக் குளிர்கிறது என்றதும் தன் ரைடர்ஸ் போர்வையை எடுத்துப் போர்த்தியதும் அதே பாட்டிதான். அடுத்த வாரமே வின்னிபெக்கில் இதே இரு அணிகளின் மறு ஆட்டமான பேஞ்சோ பவுல் நடக்கும், 2004 முதல் இருக்கும் வழக்கம். அதற்கு எங்கள் ஊருக்கு நீங்கள் பச்சையாகத் திரண்டு வருவதைப் பார்த்தால் கோபமும் வரும், மரியாதையும் வரும்.

ஒன்று கேட்க வேண்டும். 2027இல் களத்தை 110 யார்டிலிருந்து 100 ஆகக் குறைக்கப் போகிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பச்சைச்சட்டை (ரெஜைனா):

மாமா, 2009ஐ நீங்களே எடுத்துவிட்டீர்களே!

நீலக்கட்சி, என் மனசுக்கு அது ஒப்பவே இல்லை. கோல் கம்பத்தைக் கோல் கோட்டிலிருந்து எண்டு ஸோனின் (கோட்டுக்கு அப்பால் டச் டவுன் எடுக்கும் பகுதி) பின்னால் தள்ளுவதைக்கூட ஏற்கலாம். வீரர்கள் மோதிக்கொள்ள மாட்டார்கள், டச் டவுனும் கூடலாம். ஆனால் அந்த 110 யார்டு நீளமும் 65 யார்டு அகலமும்தான் வேகமாக ஓடுகிறவனுக்கு இடம் கொடுக்கிறது. மூன்று முயற்சி, 12 பேர், பரந்த களம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றைச் சுருக்கினால் மற்றதும் மாறும். அகலத்தையும் மூன்று முயற்சியையும் தொடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். 2027க்கு முன்னால் முடிந்தவர்கள் வந்து இந்தக் களத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் முறை வருபவர்களுக்கு: அக்டோபர் என்றால் உள்ளே கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், கால் உறை இரண்டு ஜோடி. மைதானத்தில் குளிர்காற்று சுழன்று அடிக்கும். லேபர் டே ஆட்டத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், கோடை தொடங்கும்போதே வாங்கி வைப்பது நல்லது. யாராவது வருவதாக இருந்தால் இங்கே எழுதுங்கள், பக்கத்துப் பக்கத்து இருக்கையாக எடுக்கலாம். நீல ஆட்களும் வரலாம்.